அடியில் கட்டியிருந்த பைல்

தீவில் ஓர் அரசாங்கக் கந்தோரில் என் வேலை பைல் தேடுவது. வேறு வேலையும் இருந்தது. காலையில் கதவு திறப்பேன், தண்ணீர்ப் பானை நிரப்புவேன், பெரிய கிளாக்கர் மணி அடித்தால் போய் நிற்பேன். ஆனால் என் காலைத் தேய்த்தது பைல்தான்.

பைல் தொலைவதில்லை. வெளியே உள்ளவர்கள் தொலைந்தது என்பார்கள். அது யாரோ ஒருவர் மேசையில் திறந்தபடி கிடக்கும். யார் மேசை என்பதுதான் தெரியாது. திறந்து வைத்திருப்பவர் மூடித் தராமல் மற்றவர் அதில் ஒரு வரி எழுத முடியாது. வெளியே அனுப்ப முடியாது. கட்டி உள்ளே வைக்கவும் முடியாது.

பைல் அறையில் பலகைத் தட்டுகள். இரும்பு அலுமாரி ஒன்று முன்பு இருந்ததாம், உப்புக் காற்று தின்றுவிட்டது. ஒவ்வொரு பைலுக்கும் ஓர் இடம். எடுக்கிறவர் அந்த இடத்தில் தன் மட்டையைச் செருக வேண்டும். ஒவ்வொரு கிளாக்கருக்கும் ஒரு நிறம். காணிக் கிளாக்கருக்குப் பச்சை. மட்டையைப் பார்த்தால் யாரிடம் என்று தெரிய வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. ஆனால் பைல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நேரே போய்விடும். மட்டை மாறாது. ஆகவே நான் மேசை மேசையாகப் போய்க் கேட்பேன்.

கணக்குக் கிளாக்கர் குள்ளம். மேசை உயரம். கதிரையில் பைல்களைப் போட்டு அதன்மேல் குந்தியிருப்பார்.

"ஐயா, ஒருக்கா எழும்புங்கோ."

"ஏன் காணும், நான் இருக்கிறது உமக்குப் பொறுக்கேல்லையோ?"

"பைல் ஒண்டு தேடுறன் ஐயா."

"இது எல்லாம் செத்த பைல். நான் சமாதிக்கு மேலை இருக்கிறன்."

எழும்பினால் அதில் ஒன்று உயிரோடு இருக்கும். அவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அடுத்த நாள் வேறு பைலின் மேல் இருப்பார்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். தமிழ் வாசிப்பேன். இங்கிலீஸில் இலக்கமும் சில சொற்களும் தெரியும். பைல் தேட அது போதும்.

அறுபதுகளில் ஒரு சோளகக் காலம், தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்கள். நாரந்தனையிலிருந்து ஒரு பெண் வந்தாள். இடுப்பில் பிள்ளை. புருஷன் கடல் தொழில் செய்பவன். மாரியில் மன்னார்க் கரைக்குப் போய், ஓலைக் கொட்டில் போட்ட வாடியில் தங்கி மீன் பிடித்தவன். ஒரு விடியல் பொலிஸ் வந்து வாடியை வளைத்தது. இந்தியாவிலிருந்து களவாக வள்ளத்தில் வந்து இறங்குகிறவர்களைத் தேடிப் பிடித்த காலம் அது. கையில் பிறப்புப் பத்திரம் இருந்தவர்களை விட்டார்கள். இவனிடம் இல்லை. கள்ளத்தோணி என்று சொல்லிக் கொழும்புக்குக் கொண்டுபோய் முகாமில் அடைத்தார்கள்.

அவன் பிறந்தது நாரந்தனையில். பிறந்தபோது தகப்பன் பதியவில்லை. அந்த நாளில் பதியாதவர்கள் எத்தனையோ பேர். அவன் வளர்ந்த பிறகு தகப்பன் பிந்திப் பதிய மனுக் கொடுத்திருந்தார். ஊர்த் தலைமைக்காரரான விதானையார் சாட்சி சொன்னார். பிள்ளையை ஏந்திய மருத்துவிச்சி சாட்சி சொன்னாள். எழுதி, பெருவிரல் வைத்து, பைலில் போட்டார்கள். பிறகு தகப்பன் செத்துப்போனார். பின்னால் ஓடித் திரிய ஆள் இல்லை. பதிவு முடியாமல் பைல் நின்றுவிட்டது. விதானையாரும் மருத்துவிச்சியும் அதற்குப் பிறகு செத்தார்கள். அவன் இந்த மண்ணில் பிறந்தவன் என்று சொல்ல அந்தப் பைல் மட்டும் மிச்சம்.

வேதக் கோயில் சுவாமியார் ஞானஸ்நானத் துண்டு அனுப்பிப் பார்த்தார். கொழும்பு ஏற்கவில்லை. அரசாங்க எழுத்து வேண்டும் என்றது. பிறகு எங்கள் கந்தோருக்குத் தந்தி வந்தது. இந்த ஆள் உங்கள் பகுதியில் பிறந்ததற்கு அத்தாட்சி உண்டா, உடனே அறிவிக்கவும். இல்லையானால் அடுத்த கப்பலில் இந்தியாவுக்கு ஏற்றப்படுவார். பெரிய கிளாக்கர் வாசித்து எங்களுக்குத் தமிழில் சொன்னார்.

"பைலைக் கொண்டு வாரும். பாத்த கையோடை மறுதந்தி அடிக்கிறன்," என்று என்னிடம் சொன்னார்.

போனேன். பைலின் இடத்தில் பச்சை மட்டை நின்றது. காணிக் கிளாக்கரிடம் கேட்டேன்.

"பிறப்புப் பைலோ? அதுக்கும் எனக்கும் என்ன காணும்? நான் காணி."

"உங்கடை மட்டை நிக்குது ஐயா."

"நிண்டால்? எடுத்திருப்பன், திருப்பித் தந்திருப்பன். நீர்தான் மட்டையைக் கழட்ட மறந்திருப்பீர்."

அவர் லாச்சிகளைத் திறந்து காட்டினார். மேசைமேல் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் பார்த்தார். இல்லை. பொய் சொல்கிறவர் அல்ல.

எல்லா மேசைக்கும் போனேன். எல்லாரும் இல்லை என்றார்கள். காற்றுக்கு அடிக்கிற ஜன்னலுக்கு ஒரு பைலை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அதை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் அடித்தது. தட்டச்சுக்காரர் கத்தினார்.

"உமக்குப் பைல் பேய் பிடிச்சிருக்கு! போய்ப் பாரும், பெரியவற்றை தலைகாணிக்குக் கீழையும் கிடக்கும்!"

ஒரு மேசையின் கால் கட்டை. அதன் அடியில் ஒரு பைல் மடித்து வைத்திருந்தது. அதையும் இழுத்தேன். அதுவும் வேறு பைல்.

அந்தப் பெண் தினமும் நடந்து வந்தாள். விறாந்தையில் சுவரோடு சாய்ந்து இருப்பாள். பிள்ளை சிணுங்கும். ஒரு நாள் நேரே உள்ளே வந்து பெரிய கிளாக்கரின் மேசைக்கு முன் நின்றாள்.

"ஐயா, உங்களுக்கு அவரைத் தெரியுந்தானே. அவற்றை தேப்பனையும் தெரியும். ஒரு வரி எழுதிவிடுங்கோவன்."

"தெரியும் பிள்ளை. நல்லாத் தெரியும்."

"அப்ப எழுதுங்கோ."

"எனக்குத் தெரியுமெண்டதை அவங்கள் கேக்கேல்லை. பைலிலை என்ன கிடக்குதெண்டு கேக்கிறாங்கள். என்ரை கண்ணாலை காணாததை நான் எழுதேலாது. அனுப்பு எண்டு கேட்டால் எதை அனுப்பிறது?"

அவள் பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். பிறகு விறாந்தைக்குப் போனாள். பெரிய கிளாக்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

அன்று அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிள்ளைக்குப் பருக்கிவிட்டு மிச்சத்தைக் குடித்தாள். கேட்காமலே சொன்னாள்.

"காணி அளக்க வந்த சேவையர் வாசிச்சவர் அண்ணை. மாமியின்ரை பேரையும் வாசிச்சவர். மருத்துவிச்சியின்ரை பேரையும் வாசிச்சவர். கடதாசியிலை எல்லாம் கிடக்கு. பிறகேன் இல்லை எண்டு சொல்லினம்?"

"எந்தச் சேவையர்?"

"எங்கடை வளவை அளக்க வந்தாரே. பக்கத்து வளவுக்காரர் வேலியைத் தள்ளிப் போட்ட வழக்குக்கு."

மருத்துவிச்சியின் பெயர் காணிப் பைலில் இருக்காது. அதைக் காணிக் கிளாக்கரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்தார்.

"ஐயோ, அடியிலை கட்டிவிட்டனான்."

நடந்தது இதுதான். அந்த வளவில் அவர்கள் எப்போதிருந்து குடியிருக்கிறார்கள் என்று காட்ட வேண்டியிருந்தது. பிறப்புப் பைலில் விதானையாரின் சாட்சியில் அது இருந்தது. காணிக் கிளாக்கர் பிறப்புப் பைலை எடுத்து, காணிப் பைலுக்கு அடியில் வைத்து, இரண்டையும் ஒரே நாடாவால் கட்டினார். கந்தோர்களில் எப்போதும் செய்கிற வேலை. கட்டினால் இரண்டும் ஒரு பைல். மேலே தெரிவது காணிப் பைலின் பெயர் மட்டும். அது சேவையரிடம் போனது. சேவையர் நாரந்தனையில் அளந்து முடித்து, நெடுந்தீவில் வேறு அளவைக்குப் போயிருந்தார். படம் கீற இதையும் கொண்டு போய்விட்டார்.

நெடுந்தீவுத் தபால் கந்தோருக்குத் தந்தி அடித்தோம். இன்னாருடைய பிறப்புப் பைலை உடனே அனுப்பவும். மறுநாள் சேவையரின் பதில் வந்தது. அப்படிப் பைல் என்னிடம் இல்லை.

பெரிய கிளாக்கர் தந்தியை மேசையில் போட்டார்.

"இல்லையாம்."

"இருக்கு ஐயா," என்றார் காணிக் கிளாக்கர். "அவர் மேலை கிடக்கிற பேரைத்தான் பாத்திருப்பார். கீழை புரட்டியிருக்க மாட்டார். ஆள் போகவேணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சாரத்துக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு துறைக்குப் போனேன். விறாந்தையில் அவள் எழும்பி நின்றாள். "நெடுந்தீவுக்குப் போறன்," என்றேன். தலையை ஆட்டினாள்.

சோளகத்தில் நெடுந்தீவுக் கடல் நல்ல கடல் இல்லை. மோட்டார் லோஞ்சுக்குள் தண்ணீர் வாரி அடித்தது. ஏறினவர்கள் எல்லாரும் பக்கத்தால் குனிந்து சத்தி எடுத்தார்கள். நானும் எடுத்தேன். நெடுந்தீவில் இறங்கினேன். கல்வேலிகளுக்கு நடுவே விசாரித்து விசாரித்து நடந்தேன்.

சேவையர் ஒரு வெற்று வீட்டில் இருந்தார். கதவைக் கழற்றிக் கிடையாக வைத்து அதன்மேல் படம் கீறினார். கடதாசி பறக்காமல் நாலு மூலையிலும் முருகைக்கல். பக்கத்தில் காணிப் பைல் திறந்து கிடந்தது. அதன் மேலும் ஒரு கல்.

"நீர் ஏன் வந்தனீர்? இல்லையெண்டு தந்தி அடிச்சனானெல்லோ?"

"அடியிலை கட்டிக் கிடக்காம் ஐயா. கிளாக்கர் ஐயா சொன்னவர்."

"படம் அரைவாசியிலை நிக்குது. இதை இப்ப அவிட்டால் எல்லாம் குழம்பும் காணும்."

ஆனாலும் கல்லை எடுத்தார். காணித் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளுக்குக் கீழே இன்னொரு மட்டை வந்தது. அதில் அவன் பெயர். சேவையர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை வைச்சுத்தானே நான் அந்தப் பிள்ளையிட்டைக் கேள்வி கேட்டனான்," என்றார். "காணிப் பைலெண்டெல்லோ நினைச்சனான்."

மருத்துவிச்சியின் சாட்சி தமிழில் இருந்தது. அதை வாசித்தார், எனக்கோ தனக்கோ தெரியாது. பிள்ளையை நான்தான் ஏந்தினேன். ஆண்பிள்ளை. அன்று கடல் வளவுக்குள் வந்து நின்றது. அடுப்பு மூட்ட இடமில்லை, பக்கத்து வீட்டில் சுடுநீர் வாங்கினோம்.

அவரே கத்தியை எடுத்து நாடாவை அறுத்தார்.

"உடனை தந்தி அடியும், கண்டாச்செண்டு. நீர் போய்ச் சேர முதல் உங்கடை பெரிய கிளாக்கர் கொழும்புக்கு அடிக்கட்டும்."

தந்திக்குரிய சொற்களைத் தானே எழுதித் தந்தார். தேத்தண்ணியும் தந்தார். தபால் கந்தோருக்குப் போக அவருடைய சைக்கிளையும் தந்தார். தந்தி அடித்தேன். பைல் கிடைத்தது, சாட்சிகள் உள்ளன.

துறைக்கு வந்தால் லோஞ்சு இல்லை. காற்று கூடிவிட்டது, ஓடாது என்றார்கள். பைலை உரப்பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு துறையில் இருந்தேன். அடுத்த நாளும் ஓடவில்லை. லோஞ்சுக்காரனிடம் கேட்டேன்.

"அவசரம் தம்பி. ஒரு மனிசன்ரை விசயம்."

"அண்ணை, ஏறினால் உங்களையும் சேத்து எத்தினை மனிசற்றை விசயம் தெரியுமோ?"

பைலோடு திரும்பித் துறையில் போய் இருந்தேன்.

காற்றுக் குறைந்து நான் வந்து சேர்ந்தபோது கந்தோர் திறந்திருந்தது. பைலைப் பெரிய கிளாக்கரின் மேசையில் வைத்தேன். அவர் தாள் தாளாகப் பார்த்தார். விதானையாரின் கையெழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார்.

"நெடுந்தீவிலையிருந்து தந்தி வந்ததோ ஐயா?"

"வந்தது."

"கொழும்புக்கு அடிச்சியளோ?"

"பைலைக் கண்ணாலை காணாமல் எப்பிடி அடிக்கிறது?" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "இப்ப அடிப்பம்."

அப்போதே எழுதினார். நான் ஓடிப்போய்க் கொடுத்தேன். பின்னேரம் பதில் வந்தது. மேற்படி ஆள் ஏற்கெனவே ஏற்றி அனுப்பப்பட்டார்.

எந்த நாளில் ஏற்றினார்கள் என்று அதில் இல்லை. பெரிய கிளாக்கர் கேட்டு எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

அவளுக்குச் சொல்ல நான்தான் போனேன். நாரந்தனையில் வளவு கடல் ஓரம். வேலிப் பக்கம் சேவையர் அடித்த முளைகள் நின்றன. அவள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை மடியில் துடைத்தாள்.

"பைல் கிடைச்சுது பிள்ளை. ஆனா ஆளை ஏத்திப்போட்டினம்."

"எங்கை?"

"இந்தியாவுக்கு."

"அங்கை எவ்விடம்?"

"தெரியாது."

"அவருக்கு அங்கை ஒருத்தரையும் தெரியாது அண்ணை," என்றாள். பிறகு காகம் வருகிறது என்று தடியை எடுத்தாள்.

பைல் மூடப்படவில்லை. சாட்சிகளின் பிரதி கொழும்புக்குப் போனது. பதில் வந்தது, கேள்வி வந்தது, அதற்குப் பதில் போனது. எப்போதும் யாரோ ஒருவர் மேசையில் அது திறந்து கிடந்தது. இப்போது எல்லாரும் அதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். கேட்டால் உடனே சொல்வார்கள்.

அடுத்த மாரி முடிகிற நேரம் அவள் வந்தாள். விறாந்தையில் இருக்கவில்லை. கிணற்றடிக்கு வந்தாள். நான் வாளியோடு நின்றேன்.

"அண்ணை, அந்தப் பைல் இப்ப ஆற்றை மேசையிலை கிடக்கு?"

"ஏன் பிள்ளை?"

அவள் கந்தோர்ப் பக்கம் பார்த்தாள்.

"வந்திட்டார்."

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

"எப்பிடி?"

"வள்ளத்திலை. ஆற்றையோ சாமான் வள்ளம். மெலிஞ்சு எலும்பும் தோலுமா வந்திருக்கிறார். அண்டைக்குப் பொய்யுக்குக் கள்ளத்தோணி எண்டு பிடிச்சினம். இண்டைக்கு மெய்யாக் கள்ளத்தோணியிலை வந்து இறங்கியிருக்கிறார்." சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. "அந்தப் பைலை மூடிவிடச் சொல்லுங்கோ. அது திறந்து கிடந்தால் ஆரும் தேடி வருவினம்."

"நான் சொல்லி மூடேலாது பிள்ளை."

"ஆற்றை மேசையிலை எண்டாவது பாருங்கோ."

பார்த்தேன். பெரிய கிளாக்கரின் மேசையில் கிடந்தது. கொழும்பிலிருந்து வந்த புதுக் கடிதம் மேலே இருந்தது. அவர் என்னைக் கண்டதும் தானே சொன்னார்.

"சாட்சியை ஏற்கலாம் போலை எழுதியிருக்கிறாங்கள். அவன் இந்தியாவிலை இருந்து, அங்கையுள்ள எங்கடை நாட்டுக் கந்தோருக்கு மனுக் கொடுக்க வேணுமாம். விசாரிச்சு, சரியெண்டால் விடுவினமாம். அனுமதி இல்லாமல் வந்தால் அது வேறை குற்றம்." கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "அவன்ரை சேதி ஏதும் கேள்விப்பட்டனீரோ?"

"இல்லை ஐயா."

கடிதத்தைப் பைலுக்குள் திருப்பி வைத்தார்.

"கேள்விப்பட்டால் என்னட்டைச் சொல்லாதையும்," என்றார்.

அவளுக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். புருஷனின் விலாசத்தை அறியத்தரவும் என்று. கொண்டுபோய்க் கையில் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வரச் சொன்னார். சொல்லிவிட்டு, "இண்டைக்குப் போகத் தேவையில்லை. கிழமை முடியப் போம்," என்றார்.

அன்று பின்னேரம் கந்தோர் பூட்டிய பிறகு நாரந்தனைக்குப் போனேன். கடிதத்தைக் கொண்டு போகவில்லை. வேலியில் நின்று சொன்னேன், கிழமை முடியக் கடிதத்தோடு வருவேன் என்று. உள்ளே ஓர் இருமல் கேட்டது. அவள் சரி என்றாள். நான் உள்ளே பார்க்கவில்லை.

கிழமை முடியக் கடிதத்தோடு போனேன். படலையைக் கயிற்றால் கட்டியிருந்தது. அடுப்பில் சாம்பல் இல்லை, அள்ளித் துப்புரவாக்கியிருந்தாள். பக்கத்து வளவுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மூண்டு பேரும் முல்லைத்தீவுப் பக்கம் போயிட்டினமாம். சோளகத்துக்கு அங்கைதானே தொழில்," என்றார். மூன்று பேர் என்று சொன்னதைக் கவனித்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. பொலிசுக்குச் சொல்ல ஒரு நிமிஷம் போதும் அவருக்கு. சொல்லவில்லை. வேலி மட்டும் அடுத்த வருடம் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது.

கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தேன். பெரிய கிளாக்கர் பைலில் எழுதினார். விலாசத்தில் ஆள் இல்லை. சம்பந்தப்பட்டவர் இருக்கும் இடம் தெரியாது. மூடலாம். நான் நாடாவைக் கட்டி உள்ளே வைத்தேன். காணிப் பைலும் கொஞ்ச நாளில் மூடப்பட்டது. வழக்காட ஆள் இல்லை.

பிறகு அவளை ஒரு முறைதான் கண்டேன். கரம்பொனில் ஒரு செத்த வீட்டுக்கு வந்திருந்தாள். பஸ்ஸுக்கு நின்றாள். கையில் ஒரு சின்னப் பெண்பிள்ளை, நாரந்தனையில் இடுப்பில் இருந்தது அல்ல.

"தொழில் எப்பிடி?" என்று கேட்டேன்.

"போகுது அண்ணை. அவர் என்ரை தமையன்ரை பேரிலை வேறை ஆற்றையோ வள்ளத்திலை போறார். ஆரும் கேட்டால் தமையன் எண்டுதான் சொல்லுறது."

பிள்ளையைப் பார்த்தேன்.

"இவளைப் பதிஞ்சிட்டன். பிறந்த கிழமையே போய்ப் பதிஞ்சிட்டன்," என்றாள்.

"நல்லது."

"தேப்பன் பேர் கேட்டவை. நான் வாய் திறக்கேல்லை. அந்த இடத்திலை கோடு ஒண்டு கீறித் தந்தவை."

பஸ் வந்தது. கூட்டம். பிள்ளையைத் தூக்கி முதலில் ஏற்றினாள், பிறகு தான் ஏறினாள்.